டென்ஷன் ஏறினாலும் சீக்கிரம் இறங்க: வடசென்னையில் தம் வளர்ப்பது எப்படி

வட்டிக்காரர் போன் அடிக்கிறார். அல்லது எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன, ஷிப்ட்டுக்குப் பத்து நிமிடம்தான் பாக்கி. ஓர் அடிகூட நடக்கவில்லை, ஆனால் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது. சில நொடிக்குள் அட்ரினலின் சுரந்து நாடியையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிட்டது. கல்லீரல் தன்னிடமிருந்த சர்க்கரையை ரத்தத்தில் விட்டுவிட்டது. ஓடவோ அடிக்கவோ தயாரான உடம்பு பைக் சீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இதன் பின்னாலேயே இரண்டாவது அலை வரும். மூளையின் உத்தரவு பிட்யூட்டரி சுரப்பி வழியாக, சிறுநீரகத்தின் தலையில் தொப்பி வைத்தாற்போல் இருக்கும் அட்ரினல் சுரப்பிக்குப் போய், கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறத் தொடங்கும். அது உச்சிக்கு வர 20 முதல் 30 நிமிடம் ஆகும். போனை வைத்து, டீயும் குடித்து முடித்த பிறகும் உடம்பு சண்டையில்தான் இருக்கிறது.

தினமும் நடந்தால் டென்ஷனே வராது என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. இந்த விஷயத்தில் ஆராய்ச்சிகளே கொஞ்சம் முன்னுக்குப் பின்னாகத்தான் பேசியிருக்கின்றன. 34 ஆய்வுகளைத் தொகுத்து 1987இல் வந்த அலசல், தம், அதாவது மூச்சுத் தெம்பு, உள்ளவர்களுக்கு மன அழுத்தத்தின்போது உடம்பு குறைவாகவே கொந்தளிக்கிறது என்றது. 2006இல் வந்த இன்னொரு பெரிய தொகுப்பு, ஏற்றம் குறைவதாகத் தெரியவில்லை, கொஞ்சம் கூடுதலாகக்கூட இருக்கிறது, ஆனால் இறக்கம் வேகமாக நடக்கிறது என்றது. ஆகவே பயிற்சியில் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியதும் அளக்க வேண்டியதும் இறக்கத்தை. படபடப்பு எவ்வளவு உயரம் போகிறது என்பதை விட்டுவிடுங்கள், எத்தனை நிமிடத்தில் அடங்குகிறது என்று பாருங்கள்.

ஏரோபிக் ஃபிட்னஸ் என்று புத்தகத்தில் இருப்பதை வியாசர்பாடி ஃபுட்பால் பசங்க ‘தம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். தம் வளர வளர இதயம் ஒரு துடிப்பில் வெளித்தள்ளும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. இதயத்துக்கு பிரேக் போடும் வேகஸ் நரம்பின் பிடியும் பலப்படுகிறது. ஓட்டம் நின்றதும் நாடியை முதலில் இழுத்துப் பிடிப்பது இந்த பிரேக்தான். பேச்சு சண்டையாகி முடிந்த பிறகும் அதே பிரேக்தான் வேலை செய்ய வேண்டும்.

முதலில் அளவு எடுங்கள்

தேவையானவை ஒரு நோட்டு, நொடி காட்டும் கடிகாரம், சீராக ‘டிக்’ அடிக்கும் மெட்ரோனோம் ஆப் (போனில் இலவசமாகக் கிடைக்கும்). ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் சரி, ஆனால் வேர்வையில் பட்டை தளர்ந்தால் அது கண்டபடி எண் காட்டும். விரலால் எண்ணப் பழகிவிடுவதே நல்லது. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் உட்பக்கம் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வையுங்கள். கட்டைவிரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு, குழப்பும். கழுத்தில் பார்ப்பதானால் ஒரு பக்கம் மட்டும், அழுத்தாமல். அங்கே அழுத்தினால் நாடி தானாகவே குறையும், சிலருக்குக் கிறுகிறுப்பும் வரும்.

காலையில் கண் விழித்ததும், எழுந்திருக்கும் முன், படுத்தபடியே 60 நொடி எண்ணுங்கள். மூன்று நாள் எண்ணிச் சராசரி எடுங்கள். இது உங்கள் ஓய்வு நாடி. டீ, காபி, பீடி, போன் எதுவும் அதற்கு முன் கூடாது. நைட் ஷிப்ட் முடித்த மறுநாளும், காய்ச்சல் அடித்த வாரமும் கணக்கில் சேராது.

அடுத்தது படிச் சோதனை. 12 அங்குலம், அதாவது 30 சென்டிமீட்டர் உயரமுள்ள, ஆடாத ஒரு படி வேண்டும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கத்துப் பழைய வீடுகளின் திண்ணைப் படியோ, கனமான மரப் பெஞ்சோ போதும். பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டவே வேண்டாம். ஹவுசிங் போர்டு மாடிப்படி பெரும்பாலும் இதில் பாதி உயரம்தான் இருக்கும். முட்டி வலி உள்ளவர்கள் அதிலேயே செய்யலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் அதே படியில் செய்ய வேண்டும். மெட்ரோனோமை 96இல் வையுங்கள். ஒரு ‘டிக்’குக்கு ஒரு கால்: வலது மேலே, இடது மேலே, வலது கீழே, இடது கீழே. நிமிடத்துக்கு 24 முறை ஏறி இறங்குவீர்கள். சரியாக 3 நிமிடம். முடிந்ததும் அதே படியில் உட்கார்ந்து, உடனே 15 நொடி எண்ணி 4ஆல் பெருக்குங்கள். ஒரு நிமிடம் முடியும்போது மறுபடி 15 நொடி. இரண்டு நிமிடம் முடியும்போது இன்னொரு முறை.

நோட்டில் 132, 112, 96 என்று மூன்று எண் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நிமிட இறக்கம் 20. உங்களுக்கு வேண்டியது இந்த 20தான், 132 அல்ல. ஆன்லைனில் ‘சுமார், நன்று, மிக நன்று’ என்று அட்டவணைகள் கிடைக்கும், அவற்றோடு ஒப்பிட்டு மனம் உடைய வேண்டாம். முதல் நிமிடத்தில் 12 துடிப்புகூட இறங்காவிட்டால் ஆபத்து என்று படித்திருப்பீர்கள். அது மருத்துவமனை ட்ரெட்மில்லில் முழுத் தெம்பையும் இறக்கி ஓடவிட்டு எடுக்கும் கணக்கு, வீட்டுத் திண்ணைக்கு அப்படியே பொருந்தாது. நீங்கள் ஒப்பிட வேண்டிய ஆள், ஆறு வாரத்துக்கு முந்தைய நீங்கள்.

மூன்றாவது சோதனை மனசுக்கு. ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993இல் வெளியான ஒரு முறை இன்றும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் பயன்படுகிறது. முகத்தில் எதுவும் காட்டாத சிலர் முன்னால் 5 நிமிடம் பேச வேண்டும். பிறகு 5 நிமிடம், 1022இலிருந்து 13 பதின்மூன்றாகக் கழித்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். தப்பினால் மறுபடி 1022. இதன் பாதியை வீட்டில் செய்துபார்க்கலாம். எதிரில் உட்கார, சிரிக்காமல் ‘தப்பு, முதல்ல இருந்து’ என்று மட்டும் சொல்லும் ஓர் ஆள் வேண்டும். மச்சான் இதற்கு மிகவும் பொருத்தம். 5 நிமிடம் சும்மா உட்கார்ந்து நாடி எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு 3 நிமிடம் 1009, 996, 983, 970 என்று வேகமாகக் கழித்துக்கொண்டே போங்கள். முடிந்ததும் ஒரு முறை, பிறகு 1, 3, 5ஆம் நிமிடங்களில் ஒவ்வொரு முறை நாடி பாருங்கள். தொடங்கிய எண்ணுக்கு 5 துடிப்பு நெருக்கத்தில் வர எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்து, தேதி போடுங்கள். இதை வாராவாரம் செய்தால் பழகிப்போய்ப் படபடப்பே வராது, அதைத் தம் வளர்ந்ததாக நினைத்துக்கொள்வீர்கள். ஆறு வாரத்துக்கு ஒரு முறை போதும், அடுத்த முறை எண்களையும் மாற்றிவிடுங்கள்.

எந்த வேகம்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். முதல் நாளே ஓடி, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கி, நான்காம் நாள் படுத்துவிடுவார்கள்.

கணக்கு இப்படி. வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழித்தால் உச்ச நாடி, தோராயமாக. 42 வயதுப் பெண்ணுக்கு 208இலிருந்து 29 போக 179. அவரது ஓய்வு நாடி 78. இரண்டுக்கும் நடுவில் கையிருப்பு 101. அதில் 40 சதவீதத்தை ஓய்வு நாடியோடு கூட்டினால் 118, 59 சதவீதத்தைக் கூட்டினால் 138. முதல் ஆறு வாரம் இந்த 118க்கும் 138க்கும் நடுவிலேயே அவர் இருக்க வேண்டும். கணக்குப் பிடிக்காதவர்களுக்குப் பேச்சே அளவுகோல்: கூட வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அடி எண்ணிக்கையில் சொன்னால் 15 நொடிக்கு 25 அடி, நிமிடத்துக்கு 100. அதற்குக் கீழே போனால் அது கடைத்தெரு நடை.

அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடிக் கணக்கு செல்லாது. அந்த மாத்திரையே நாடியை ஏறவிடாது. அவர்கள் பேச்சு அளவுகோலை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மெதுவாகச் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இலேசான வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் கார்டிசால் ஏறுவதில்லை. கடினமாக ஓடினால் ஏறும். உடம்புக்கு அதுவும் ஒரு டென்ஷன்தான். நன்றாகத் தூங்கிய நாளில் அந்த ஏற்றம் நல்லது, உடம்பைப் பழக்கும். ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் நாளில் ‘கோபத்தை ஓடியே தீர்க்கிறேன்’ என்று கிளம்பினால் இரவில் தூக்கம் கெடலாம். அப்படிப்பட்ட நாளில் இலேசான நடைதான் சரி.

12 வாரம்

முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 15 நிமிடம். 3, 4ஆம் வாரம் 20 நிமிடம். 5, 6ஆம் வாரம் 30 நிமிடம். அப்போது வாரத்துக்கு 150 நிமிடம் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்ன 150 முதல் 300 நிமிடத்தின் கீழ்ப்படி இது. 7ஆம் வாரத்திலிருந்து இரண்டு நாள் மட்டும் வேகத்தைக் கலக்குங்கள்: 1 நிமிடம் விறுவிறுவென்று, அதாவது இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச முடியாத அளவு. பிறகு 2 நிமிடம் ஆற நடை. இப்படி 6 முறை. 9ஆம் வாரம் முதல் அதை 8 முறையாக்கி, விறுவிறு பகுதியை மெல்லோட்டமாகவோ மூன்று மாடி ஏறுவதாகவோ மாற்றலாம். மீதி மூன்று நாள் 35, 40 நிமிட இலேசான நடை. விறுவிறு நாட்கள் இரண்டும் அடுத்தடுத்து வரக் கூடாது.

தொடக்கத்தில் 5 நிமிடம், முடிவில் 5 நிமிடம் ஆற நடப்பதை விடாதீர்கள். ஓடிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றால் கெண்டைக்கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளுவதும் நின்றுவிடும். ரத்தம் காலிலேயே தேங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும். டீக்கடையில் நின்றபடி மயங்கி விழுபவர்களில் சிலர் இப்படித்தான்.

இரண்டு வாரம் விட்டுப்போனால் தம் இறங்கத் தொடங்கிவிடும். விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்காமல் இரண்டு வாரம் பின்னால் போய்ப் பிடியுங்கள்.

‘தினமும் மூட்டை தூக்குறேன், எனக்கெதுக்கு?’

காசிமேட்டில் ஐஸ் பெட்டி இழுப்பவரும், மெட்ரோ வாட்டர் லாரியில் குடம் பிடித்து மூன்றாம் மாடிக்கு ஏற்றுபவரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் பாரம் தூக்கும்போது தசை இறுகுகிறது, மூச்சை அடக்குகிறோம், ரத்த அழுத்தம் எகிறுகிறது. இதயத்துக்குச் சீரான, தொடர்ந்த ஓட்டம் கிடைப்பதில்லை. இடையில் ஓய்வும் நம் கையில் இல்லை. உடம்பு களைத்துப்போகிறது, தம் வளர்வதில்லை. இவர்களுக்கு 5 நாள் கட்டாயமில்லை. வேலை இல்லாத நாளில் 30 நிமிடம், வேலை நாளில் இரண்டு முறை 10 நிமிட நிதான நடை என்று ஆரம்பிக்கலாம். குடம் தூக்கும்போது மூச்சை அடக்காமல், படி ஏற ஏற வாயால் ஊதிவிடுங்கள்.

எங்கே, எப்போது

கடலோரமாக இருந்தும் வடசென்னைக்கு நடக்கிற கடற்கரை அதிகம் இல்லை. ராயபுரம் தாண்டி வடக்கே கரையை அலை அரித்துத் தின்ன, பல இடங்களில் பாறாங்கல்லும் தூண்டில் வளைவும்தான். அந்தக் கல்மேல் நடக்கப் பார்க்காதீர்கள், கணுக்கால் பிசகும். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் இன்னும் மோசம். விறுவிறுவென்று நடக்கும்போது சும்மா இருப்பதைப் போலப் பல மடங்கு காற்றை இழுக்கிறோம், கன்டெய்னர் லாரிப் புகையும் அதே கணக்கில் உள்ளே போகும். ஹாரன் சத்தம் மட்டுமே நாடியை ஏற்றப் போதும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருப்பவர்கள் ஒரு தெரு உள்ளே தள்ளி நடந்தாலே வித்தியாசம் தெரியும்.

ராபின்சன் பூங்கா, பெரம்பூர் மேம்பாலத்தடியில் முரசொலி மாறன் பூங்கா, திருவொற்றியூர் கோயில் மாட வீதிகள் எல்லாம் விடிகாலையில் நன்றாக இருக்கும். மாட வீதியில் வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் கூட்டம், அன்று வேறு வழி பாருங்கள். விடிவதற்கு முன் தெருநாய்க் கூட்டம் இருக்கும் சந்தில் ஓட வேண்டாம், நடந்தே கடந்துவிடுங்கள். வெளியே போக வசதிப்படாத பெண்களுக்கு மொட்டை மாடி போதும். அதுவும் இல்லையென்றால் வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே நடை: முட்டியைத் தொப்புள் பக்கமாக உயர்த்தி, நிமிடத்துக்கு 110 முதல் 120 அடி. மெட்ரோனோம் இங்கேயும் உதவும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிய தெருவில் இறங்குவதைவிட இதுவே மேல். போகி காலையில் வெளிப்பயிற்சியே வேண்டாம்.

அக்னி நட்சத்திரத்தில் காலை ஆறு மணிக்குள் முடித்துவிடுங்கள். நம் ஊர் வெயிலைவிடப் புழுக்கம்தான் வில்லன். வேர்வை உலராததால் உடம்பு ஆறாது, அதே வேகத்துக்கு நாடி 10க்கும் மேல் கூடுதலாக ஓடும். தம் குறைந்துவிட்டது என்று பயப்படாமல் வேகத்தைக் குறையுங்கள். உடம்பு வெக்கைக்குப் பழக 10 முதல் 14 நாள் எடுக்கும். முடித்ததும் உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு டம்ளர்.

ரப்பர் செருப்போடு தார் ரோட்டில் வேக நடை போடுபவர்களுக்கு குதிகால் வலி வரலாம். காலையில் முதல் அடி வைக்கும்போது ஆணி குத்துவது போல் இருந்தால் அதுதான். பின்பக்கம் பிடிப்புள்ள, அடிப்பாகம் மெத்தென்ற ஷூ போதும், விலை உயர்ந்தது தேவையில்லை.

மணலி ஷிப்ட் ஆட்களுக்கு: நைட் முடித்து வந்த காலையில் விறுவிறு பயிற்சி வேண்டாம். தூங்கி எழுந்து, மாலையில் ஷிப்ட்டுக்குப் போகும் முன் நடங்கள்.

சண்டை நாளுக்கு முன்

மாதக்கணக்கில் வளரும் தம் ஒரு பக்கம். ஒரே ஒரு முறை நடந்தாலும் கிடைக்கும் பலன் இன்னொன்று. அரை மணி நேரம் மிதமாக நடந்தவருக்கு அடுத்த ஓரிரு மணி நேரத்தில் டென்ஷன் வந்தால் ரத்த அழுத்தம் வழக்கத்தைவிடக் குறைவாகவே ஏறுகிறது. இதை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம். பத்து மணிக்கு இன்டர்வியூ என்றால் எட்டரைக்கு நடை முடிந்திருக்கட்டும். பங்காளிகளோடு வீட்டுப் பாகம் பேசப் போகிறீர்களா, இரண்டு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து போங்கள்.

செய்யக் கூடாதவர்கள்

ரத்த அழுத்தம் 180/110க்கு மேல் இருந்தால் முதலில் மருந்து, பிறகுதான் நடை. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் பையில் நாலு குளுக்கோஸ் பிஸ்கட்டோ சர்க்கரைப் பொட்டலமோ வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கிக் குளிர்ந்து வேர்த்தால் அது டென்ஷன் இல்லை, சர்க்கரை இறங்குகிறது. நடக்கும்போது நெஞ்சை அமுக்கி, வலி தோளுக்கோ தாடைக்கோ போனால் உட்கார்ந்து 108ஐக் கூப்பிடுங்கள், ‘கேஸ்’ என்று சோடா குடிக்க வேண்டாம். இரண்டு வாரமாகத் தூக்கமே இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் நடையை மட்டும் நம்பியிருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் டெலி மானஸ் ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள்.

6ஆம் வாரமும் 12ஆம் வாரமும் மூன்று சோதனையையும் மறுபடி எடுங்கள். மனக்கணக்கை 6ஆம் வாரம் 2083இலிருந்து 17 பதினேழாக, 12ஆம் வாரம் 1537இலிருந்து 19 பத்தொன்பதாக. ஓய்வு நாடி சில துடிப்பு குறைந்திருக்கும், படிச் சோதனையின் முதல் நிமிட இறக்கம் கூடியிருக்கும். மனக்கணக்குக்குப் பிறகு அடங்கும் நேரம் பெரும்பாலும் கடைசியாகத்தான் மாறும், 6ஆம் வாரத்தில் அது அப்படியே இருந்தாலும் தொடருங்கள். ஒழுங்காக 12 வாரம் நடந்தும் ஓய்வு நாடி 90க்குக் கீழே இறங்கவில்லை, இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றால் பயிற்சியைக் குறை சொல்லாமல் ரத்தம் பாருங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்கும், ஆண்களுக்கு 13க்கும் கீழே இருந்தால் ரத்தசோகை. தைராய்டையும் அதே ஊசியில் எடுத்துவிடலாம். டாக்டர் மருந்து கொடுத்துச் சரியாகும் வரை விறுவிறு நாட்களை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு, இலேசான நடையைத் தொடரலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.